ஓடைக்கு நூற்றிருபது தப்படி

வண்டிக்கு நான்கு சக்கரம். சக்கரத்துக்கு ஐந்து நட்டு. ஆக இருபது இருக்க வேண்டும். நான் எண்ணியபோது பதினெட்டுதான் இருந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை சுற்றி வந்து எண்ணினேன். பதினெட்டேதான்.

மச்சானிடம் சொன்னேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அவர் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

"பதினெட்டு நட்டுலதானே மாப்ளே நாலு வருசமா ராமநாதபுரம் போய்ட்டு வாரேன்."

அந்த நான்கு வருஷம் அவர் உயிரோடு இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும் அவர் உயிரோடு இருந்ததற்கு யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பது நன்றாகத் தெரியும். எனக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. காலை மாத்திரை நான்கு, இரவு மாத்திரை மூன்று. படுக்கையிலிருந்து குளியலறைக்குப் பதினாறு அடி. அதில் வழுக்கும் இடம் இரண்டு. இந்த லட்சணத்தில் இருப்பவன் சொல்ல வேண்டியதை இன்னும் தள்ளிப்போடக் கூடாது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் குடும்பம் உள்நாட்டுக் கிராமத்து விவசாயக் குடும்பம். அவர் மட்டும் டிரைவர் வேலைக்கு வந்து, தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் குடியேறினார். எனக்கும் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்ததால் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது. கணக்குப் பாடம் நடத்துவேன். அது போதாதென்று எதைக் கண்டாலும் எண்ணுவேன். ஊரில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.

வண்டி ஒரு பழைய பிக்கப். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அதை வாங்கியவர் எங்கள் ஊர்ச் சம்மாட்டி. ஏழு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், தலைமுறை தலைமுறையாகக் கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தவர். விடிந்ததும் கரைக்கு வரும் மீனைக் கூடைகளில் ஐஸ் போட்டு அடுக்கி, மச்சான் ராமநாதபுரம் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவார். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தொட்டியின் அடித்தகடு சல்லடை மாதிரி ஆகியிருந்தது. பெரிய ஓட்டைகள் மட்டும் பதினான்கு.

பக்கத்து ஊரிலும் ஒரு பிக்கப் இருந்தது. அதை ஓட்டியவர் பர்மா வரை போய்த் திரும்பிய பட்டாளத்து டிரைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் அவரைப் பட்டாளத்தார் என்றே சொல்வோம். இரண்டு வண்டிகளும் ஒரே ரயிலுக்குப் போயாக வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்த கூடைகளுக்குத்தான் பார்சல் பெட்டியில் இடம். மிஞ்சியது அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். அதற்குள் அது மீனாக இருக்காது. பாதையோ ஒரு வண்டி போகும் அகலம்தான், இரண்டு பக்கமும் முள் அடர்ந்த உடைமரம். ஒருவரை ஒருவர் முந்த அவர்கள் காலையில் ஓட்டிய ஓட்டத்தை நான் ஒரு தடவை பின்தொட்டியில் உட்கார்ந்து அனுபவித்தேன். அதற்கப்புறம் ராமநாதபுரம் போவதென்றால் மாட்டுவண்டிதான்.

ஒருநாள் இந்த ஓட்டத்தில் நான்கு ஆடுகள் செத்தன. ஆடு மேய்த்த அம்மாள் உடைமரத்துக்குள் பாய்ந்து தப்பினார். கை கிழிந்து ஒன்பது தையல். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். இனிமேல் பாதையில் முந்தக் கூடாது, ஒரு வண்டி முன்னாலும் ஒரு வண்டி பின்னாலும்தான் போக வேண்டும் என்று முடிவானது. எது முன்னால் என்பதில் பேச்சு முறிந்தது. கடைசியில், ஆள் நடமாட்டம் இல்லாத தரவையில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது, தோற்றவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கு எந்த வண்டி தயாராக இல்லையோ அது தோற்றது என்றும் ஒரு விதி சேர்த்தார்கள்.

தரவை என்பது கடலை ஒட்டிக் கிடக்கும் வெறும் உப்பு மண்வெளி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். வைகாசியில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணத்திடம் அளவுச் சங்கிலியை இரவல் வாங்கி நான்தான் அளந்தேன். ஓட வேண்டிய தூரம் இரண்டு பர்லாங், அதாவது கால் மைல். வடக்கே புறப்படும் கோடு, தெற்கே முடியும் கோடு. முடியும் கோட்டுக்கு அப்பால் ஓர் ஓடை. அதில் வற்றிய காலத்திலும் மார்பளவு சேறு இருக்கும். பெரியவர்கள் குறித்த இடத்திலிருந்து ஓடைக் கரைக்குத் தொண்ணூறு தப்படிதான் இருந்தது. நான் இரண்டு நாள் கெஞ்சியும் சண்டை போட்டும் இரண்டு கோடுகளையும் முப்பது தப்படி வடக்கே தள்ள வைத்தேன். அதற்கு மேல் தள்ளினால் புறப்படும் இடம் புதைமணல். ஆக நூற்றிருபது.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கிய முதல் கரு. அவள் மச்சானிடம் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழம்பு ஊற்றியபடி என்னிடம் சொன்னாள்.

"அவுக போறதை நான் தடுக்கலை. தடுத்தா கேக்கவும் மாட்டாக. நீ எண்ணுறதை மட்டும் விட்டுராத."

என் எண்ணும் புத்தியை அதுவரை வீட்டிலும் பள்ளியிலும் சகித்துக்கொண்டவர்கள் உண்டு. அதை ஒரு உபயோகமான சாமானாக நினைத்து என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அன்றிரவே பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். வண்டியில் சரிபார்க்க வேண்டியவை இருபத்துமூன்று வந்தன.

பள்ளிக்கு விடுமுறை. தினமும் ரயிலுக்குப் போய் வந்த பிறகு வண்டி எங்கள் கையில். மச்சானுக்கு வேண்டியது வேகம். கதவுகளைக் கழற்ற வேண்டும், பானெட்டைக் கழற்ற வேண்டும், முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், எடை குறையும் என்றார். பின்கதவையும் ஐஸ் பெட்டியையும் மட்டும் கழற்றச் சம்மதித்தேன். காலித் தொட்டியோடு ஓடினால் பின்சக்கரம் தரையில் பிடிக்காமல் வழுக்கும் என்று சொல்லி, பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றி அசையாமல் கட்டினேன். எடையைக் குறைக்கச் சொன்னால் ஏற்றுகிறானே என்று அவர் அக்காவிடம் போய் முறையிட்டார்.

நட்டு இரண்டையும் மதுரையிலிருந்து வரவழைத்தோம். பெட்ரோல் டாங்க் மூடி தொலைந்து, அந்த இடத்தில் கந்தைத் துணி அடைத்திருந்தது. தகரக் கொல்லரிடம் சொல்லி இறுக்கமான மூடி செய்தோம். பேட்டரி வெறும் சணல் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மரச்சட்டம் அடித்து உட்கார வைத்தோம். முன் வலது டயர் ஓர் இடத்தில் வயிறு தள்ளியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஸ்டெப்னியைப் போட்டோம். அதைவிட மோசம் ஆக்சிலேட்டர். துருப்பிடித்து, அழுத்தினால் சில சமயம் அழுந்தினபடியே நின்றுவிடும்.

"அப்ப என்ன செய்வீக?" என்றேன்.

"கால் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கி விட்ருவேன்."

துருவைத் தேய்த்து எடுத்து, என் சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி, இருந்த ஸ்பிரிங்கோடு இரண்டாவதாகப் போட்டேன். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இழுக்கும். எஞ்சினை நிறுத்த அதுவரை அவர் இரண்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தோம்.

அவரை சீட்டோடு கட்ட வேண்டும் என்றபோது பெரிய ரகளை நடந்தது. மாட்டைக் கட்டுவது மாதிரி கட்டப் பார்க்கிறாயா என்றார். நாடாக் கட்டிலின் நாடாவை நான்கு மடிப்பாக அக்கா தைத்துக் கொடுத்தாள். சீட்டுக்கு அடியில் சட்டத்தோடு கட்டி, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தோம். ஆபத்தென்றால் அவிழ்க்க நேரம் ஆகுமே என்று அடுத்த பயம் வந்தது எனக்கு. அதைத் தீர்த்தவர் தண்டல். சம்மாட்டியின் பெரிய வள்ளத்தை ஓட்டுகிறவர், அறுபது வயதுக்காரர். பாய்க்கயிற்றுக்குப் போடும் முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினார். இழுக்க இழுக்க இறுகும். நுனியைச் சுண்டினால் ஒரே இழுப்பில் அவிழும். நாற்பது தடவை அவிழ்த்துப் பார்த்தேன். நாற்பது தடவையும் அவிழ்ந்தது. தலைக்கு, இலவம் பஞ்சு திணித்த தடித்த குல்லா ஒன்றையும் அக்காவே தைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். தரவையில் ஒரு பர்லாங் முழு வேகத்தில் ஓட்டி, நான் கொடியை ஆட்டியதும் மச்சான் மிதிப்பார். மிதித்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை நான் தப்படி போட்டு எண்ணுவேன். முதல் நாள் எழுபத்துநான்கு. பிரேக் கட்டைகளைச் சரிசெய்து, பழைய ஆயிலை மாற்றிய பிறகு ஐம்பத்திரண்டு. அப்புறம் நாற்பத்தாறு. அதற்கப்புறம் தினமும் நாற்பத்தாறு, ஒருநாள் மட்டும் நாற்பத்தேழு. ஓடும் தூரம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது என் கணக்கு. ஒரு தடவை முழுசாக இரண்டு பர்லாங்கும் ஓட்டிப் பார்த்தோம். தொண்ணூற்றொன்றில் நின்றது. ஓடைக்கு மிச்சம் இருபத்தொன்பது.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அக்கா வாசலில் நின்று என்னைக் கேட்பாள்: "இன்னைக்கு எத்தனை?" நான் சொல்வேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

போட்டி நாள் விடிந்தது. அன்று இரண்டு ஊரிலும் வள்ளம் எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஆறு மணிக்கே இரண்டு ஊர்க் கூட்டமும் தரவையில் இருந்தது. முந்நூறு தலை வரை எண்ணினேன், அப்புறம் கலைந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் வண்டி ஓடும் தடத்திலிருந்து முப்பது தப்படி தள்ளிக் கயிறு கட்டியிருந்தோம். எங்கள் வண்டி நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. சம்மாட்டி பாத்திஹா ஓதி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். வண்டி முந்தின நாளைவிடப் பளபளப்பாக இருந்தது. வள்ளத்து ஆட்கள் கழுவித் துடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறி போட்டு வந்தேன். நட்டு இருபது. நாடா, மூடி, ஸ்பிரிங் இரண்டு. இருபத்துமூன்றாவது, 'அன்று காலை ஒரு தடவை பிரேக்.'

அதைச் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, ஓதியாயிற்று, இனி வண்டி நகர்ந்தால் அது போட்டிக்குத்தான் என்றார்கள். தண்டலுக்கு வருத்தமே வந்துவிட்டது. பாய் விரித்த வள்ளத்தைத் திருப்பிக் கரைக்கு இழுக்கச் சொல்லும் வாத்தியாரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். கூட்டத்தில் யாரோ, வாத்தியார் முதலில் அவர் பல்லை எண்ணிப் பார்க்கட்டும் என்றான். நான் எண்ணி வைத்திருந்தேன், முப்பத்தொன்று. ஆனால் அதைச் சொல்லும் நேரமல்ல.

மச்சான் அலுத்துக்கொண்டார். "எல்லா நாளும் அதே கணக்குத்தானே மாப்ளே வந்துச்சு. இன்னைக்கு மட்டும் மாறிருமா?"

"மாறலைன்னா நல்லதுதானே மச்சான். ஒரே ஒரு தடவை."

ஆறு வருஷத்தில் நான் அவரைக் கேட்ட முதல் உதவி அதுவென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து நான்கு எலுமிச்சம்பழங்களையும் அவரே எடுத்தார், மடியில் கட்டிக்கொண்டார், வண்டியில் ஏறினார். அத்தனை பேர் முன்னால் என் பேச்சை மதித்த அந்த ஒரு காரியத்துக்கு நான் அவருக்குச் சாகும்வரை கடன்பட்டவன்.

ஒரு பர்லாங் ஓடியது. கொடியை ஆட்டினேன். வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு, நிற்காமல், போய்க்கொண்டே இருந்தது. நின்றபோது நான் தப்படி போட்டேன். எண்பத்தொன்று.

மச்சான் இறங்கினார்.

"மிதிச்சேன் மாப்ளே. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன்."

எண்பத்தொன்றை இரட்டித்தால் நூற்று அறுபத்திரண்டு. ஓடைக்கு நூற்றிருபது. நான் சொல்லவில்லை. அவரே மனதுக்குள் போட்டுவிட்டார். நாடாவால் கட்டப்பட்டு, மார்பளவு சேற்றில் தலைகுப்புற. கட்டியது நான்.

அப்போதுதான் ஒரு வாசனை வந்தது. கயிற்றுக்கு அந்தப்புறம் நின்ற ஒருவர், இந்நேரத்தில் இங்கே யார் மீன் வறுக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாசனை எங்கள் வண்டியின் சக்கரங்களிலிருந்து வந்தது.

தண்டல் பக்கத்தில் வந்து நின்றார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். பாய்மரப் போட்டிக்கு வள்ளத்தை இறக்கும்போது முதல் நாள் சாயங்காலம் சுறா எண்ணெய் பூசுவார்கள். அப்படியே இதற்கும் பூசியிருக்கிறார்கள். அவரும் ஐந்து பேரும். மேலே கொஞ்சம், அடியில் நிறைய. நான்கு வருஷமாக மீன் ஏற்றிய வண்டியில் சுறா எண்ணெய் வாசனை யாருக்குத் தெரியும்?

"சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கே, அதுல சந்து மாதிரி இருக்கே, அதுலயுமா ஊத்துனீக?" என்று கேட்டார் மச்சான்.

"இடுக்குலதானய்யா முக்கியமா ஊத்தணும்" என்றார் தண்டல். "பலகைக்கும் பலகைக்கும் இடுக்குலதானே தண்ணி ஏறும். அதுல ஊத்தலைன்னா பூசி என்ன பிரயோசனம்?"

அவர் சொன்னது வள்ளத்துக்கு முற்றிலும் சரி. அந்தச் சந்து வழியாகப் போன எண்ணெய் நேராகப் பிரேக் கட்டையில் இறங்கியிருந்தது. வள்ளத்தை எப்படி நேசித்தாரோ அப்படி நேசித்துச் செய்த வேலை அது.

மணி ஆறே முக்கால். சக்கரம் நான்கையும் கழற்றாமல் முடியாது. எதிர் ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் ஏழு மணி விதியைச் சொல்லிக் குதிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களும், விதி விதிதானே என்று கைகளைப் பிசைந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படியாவது நிறுத்திக்கொள்வேன், ஓட்டுகிறேன் என்று சொல்லப்போகிறார். வாயைத் திறந்தும்விட்டார்.

அதற்குள் பட்டாளத்தார் எங்கள் வண்டிக்கு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். தண்டலே மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பட்டாளத்தாரின் வெற்றிலை மெல்லும் வாய் பாதியில் நின்றது. திரும்பித் தன் வண்டிக்கு நடந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார், எடுத்தார், விரலை முகர்ந்தார். பிறகு தன் ஊர்த் தண்டலை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீயுமா?"

"அவுக பூசுறாகன்னு நேத்துச் சாயங்காலம் சேதி வந்துச்சு" என்றார் அந்த ஆள். "நாம மட்டும் பூசாம விட்டா நல்லாவா இருக்கும்?"

பட்டாளத்தார் எழுந்தார். இரண்டு ஊர்ப் பெரியவர்களிடமும் போய், இரண்டு வண்டியும் இப்போது ஓடாது, பதினோரு மணிக்கு மேல் வாருங்கள் என்றார். அவர் ஊர்க்காரன் ஒருவன், நம்ம வண்டி ஓடுமே அண்ணே, ஏழு மணிக்குக் கோட்டைத் தாண்டினாலே போதுமே என்றான். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தாண்டுவேன். தாண்டி ஓடைக்குள்ள போவேன். ஒம் பொண்டாட்டியா வந்து தூக்குவா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தி, அந்த நோட்டை இங்கன கொண்டா."

முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. படித்து முடித்துவிட்டுத் தன் வண்டியின் நட்டுகளை எண்ணப் போனார். இருபதும் இருந்தன. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் அதை நான் குறித்துக்கொண்டேன்.

எண்ணெய் ஏறிய கட்டையைப் பெட்ரோலில் கழுவினால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பர்மாவில் செய்ததைச் செய்தோம். இரண்டு வண்டியிலும் சேர்த்து எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு கட்டை, ஆகப் பதினாறு கட்டைகளையும் கழற்றி, வண்டிகளிலிருந்து ஐம்பது தப்படி தள்ளித் தகரத்தில் பரப்பி, கொஞ்சம் பெட்ரோல் தெளித்து, டப்பாவைத் தூரக் கொண்டுபோய் வைத்த பிறகு நெருப்பு வைத்தார். பக்கத்தில் ஆறு வாளி மணல். எண்ணெய் கொதித்து வெளியே வந்து எரிந்தது. ஆறியதும் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தவர்கள் இரண்டு தண்டல்களும்தான். எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேய்த்தார்கள். ஏழாவது கட்டையில் ஒருவர் மற்றவருக்கு வெற்றிலை கொடுத்ததைப் பார்த்தேன்.

மறுபடி மாட்டிச் சோதித்தோம். எங்கள் வண்டி ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு. அந்த நாற்பத்தாறைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. பட்டாளத்தார் தன் வண்டிக்கும் தப்படி போடச் சொன்னார். ஐம்பத்தைந்து, அப்புறம் ஐம்பது. பொழுது உச்சிக்கு வந்திருந்தது. பாதிக் கூட்டம் சோற்றுக்குப் போய்விட்டது. மிஞ்சியது நூற்றுப் பன்னிரண்டு பேர்.

போட்டி எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் உதவ முடியாது. நான் முடியும் கோட்டில் நிற்கவில்லை. ஓடைக் கரையில், கோட்டிலிருந்து பத்துத் தப்படிக்கு ஒன்றாக நான் அடித்துக்கொண்டு வந்திருந்த பன்னிரண்டு முளைக்குச்சிகளில் கடைசியின் பக்கத்தில் நின்றேன். வடக்கே இரண்டு புழுதிகள் கிளம்பின. சத்தம் வந்தது. கோட்டில் யாரோ கத்தினார்கள். இரண்டும் என்னை நோக்கி வந்தன. நான் குச்சிகளை மட்டும் பார்த்தேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. வேகம் குறைகிறது. ஏழாவது, எட்டாவது. எங்கள் வண்டி ஒன்பதாவது குச்சிக்கு முன்னால் நேராக நின்றது. பட்டாளத்தாரின் வண்டி ஒன்பதைத் தாண்டி, பத்தாவதுக்கு முன்னால் நின்றது. மச்சான் நாடா முடிச்சின் நுனியைச் சுண்டினார். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

நான் கோட்டுக்கு ஓடிப்போய்த் தப்படி போட்டேன். எண்பத்தெட்டு. மற்றவர் தொண்ணூற்றேழு.

வென்றது பட்டாளத்தார். ஒரு முழம் வித்தியாசம் என்றார்கள். சம்மாட்டி இரண்டு வண்டிகளையும் ஓடையையும் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தோற்றதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பட்டாளத்தார் முன்னால் போனார், மச்சான் பின்னால் போனார். மீன் அதிகம் விழும் நாட்களில் பட்டாளத்தார் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தி எங்கள் கூடைகளில் ஐந்தாறை ஏற்றிக்கொண்டு போவார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது மணி ஒன்றிருக்கும். காலை எட்டு மணிக்கே வந்திருக்க வேண்டியவர்கள். இடையில் என்ன நடந்தது என்று சொல்லி அனுப்ப எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அக்காவின் முன்னால் தலை குனிகிறது. அவள் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை மிச்சம்?"

"முப்பத்திரண்டு."

உள்ளே போனாள். நாங்களும் போனோம். அவள் எங்களுக்கு இலை போடவில்லை. தனக்கு ஒரு தட்டை எடுத்து, முந்தின நாள் சோற்றைப் பிழிந்து போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மச்சான் மடியிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களையும் எடுத்தார். மறுபடி சக்கரத்துக்கு அடியில் வைக்க எல்லாரும் மறந்திருந்தோம். ஒன்றை நறுக்கி உப்புத் தொட்டு அவள் தட்டில் வைத்தார்.

யார் ஜெயித்தது என்று அவள் மறுநாள்தான் கேட்டாள்.